ஒரே நாவல், இரண்டு தீர்ப்பு: துப்பறியும் தொடரின் புதிய பாகத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி: "பல வருடங்களாக விடாமல் படித்துவரும் துப்பறியும் தொடரில் புதிய நாவல் வந்திருக்கிறது. 'தொடரிலேயே இதுதான் உச்சம்' என்கிறார்கள் சிலர். 'இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்லது' என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் பழைய வாசகர்கள்தான். ஒரே புத்தகத்துக்கு எப்படி இரண்டு தீர்ப்பு? யாரை நம்பி வாங்குவது?"

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரு துப்பறியும் தொடரின் எட்டாவது, பத்தாவது நாவலுக்குள் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று, இந்த வழக்கு. பிணம், சந்தேகத்துக்குரிய ஆறேழு பேர், துப்புகள், கடைசியில் முடிச்சு அவிழ்வது. அந்த அட்டைக்குள் தொடங்கி அந்த அட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். இன்னொன்று, முதல் நாவலிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் கதை. துப்பறிபவரின் முறிந்த திருமணம், உதவியாளரோடு சொல்லாமல் கிடக்கும் நேசம், விடமுடியாத குடி, பேச்சுவார்த்தை நின்றுபோன மகள். முதலாவதை வழக்குக் கணக்கு என்றும் இரண்டாவதை வீட்டுக் கணக்கு என்றும் வைத்துக்கொள்வோம். வழக்குக்காக வருபவரும் வீட்டுக்காக வருபவரும் ஒரே புத்தகத்தைத்தான் வாங்குகிறார்கள். எழுத்தாளர் ஒரு கணக்கில் தாராளம் காட்டினால் இன்னொன்றில் கை சுருங்கும். சண்டையில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

அதனால் ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது ஸ்டார்களை எண்ணுவதற்கு முன்னால் அவர் எந்தக் கணக்கைப் பார்க்கிறார் என்று கண்டுபிடியுங்கள். "கொலை நடக்கவே நூறு பக்கம் ஆகிறது" என்பவர் வழக்குக்காரர். "கடைசியிலாவது அந்த இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசினார்களே" என்பவர் வீட்டுக்காரர். இந்த இரண்டாவது வரியை அவர் ஐந்து ஸ்டாருக்குக் கீழே எழுதியிருப்பார். அதே காட்சியை இன்னொருவர் "நடுவில் நாற்பது பக்கம் சீரியல் ஓடுகிறது" என்று இரண்டு ஸ்டாருக்குக் கீழே எழுதியிருப்பார். என்ன நடந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சராசரி ஸ்டாரை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. நூறு பேரில் ஐம்பது பேர் ஐந்தும் ஐம்பது பேர் ஒன்றும் போட்டால் சராசரி மூன்று. நூறு பேரும் மூன்றே போட்டாலும் சராசரி மூன்றுதான். முன்னது துணிந்து எதையோ செய்த புத்தகம், பின்னது யாருக்கும் நினைவில் நிற்காத புத்தகம். ஸ்டார்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதைக் காட்டும் பட்டைகளைப் பாருங்கள். இரண்டு முனையும் வீங்கி நடு ஒட்டியிருந்தால், அந்த நாவல் தொடரின் வழக்கத்தில் எதையோ மாற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

இது இன்று நேற்றுப் பிறந்த சண்டையும் இல்லை. டாரத்தி சேயர்ஸ் 1935-இல் எழுதிய 'காடி நைட்' நாவலில் கொலையே கிடையாது. ஒரு பெண்கள் கல்லூரியில் யாரோ விஷமக் கடிதங்கள் எழுதுகிறார்கள், பொருள்களை நாசம் செய்கிறார்கள், அவ்வளவுதான் வழக்கு. மிச்சமெல்லாம் ஹேரியட் வேன் என்ற பெண், தொடரின் துப்பறிபவரான பீட்டர் விம்சியை மணப்பதா வேண்டாமா என்ற கேள்வி. விம்சியின் மிகச் சிறந்த நாவல் இதுதான் என்பவர்கள் உண்டு. பிணமில்லாத புத்தகத்தைத் துப்பறியும் நாவல் என்று எப்படி விற்றார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. தொண்ணூறு வருடம் தாண்டியும் சமாதானம் ஆகவில்லை. எதிர்ப்பக்கம் ஜார்ஜ் சிமெனான். போலீஸ் அதிகாரி மெக்ரே துப்பறியும் அவருடைய தொடரில் 1931 முதல் 1972 வரை 75 நாவல்கள். ஒவ்வொன்றும் ஒரே உட்காரலில் படிக்கக்கூடிய அளவு. மனைவி வீட்டில் இருக்கிறார், புகைக்கும் பைப் இருக்கிறது, வீட்டுக் கணக்கு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. எந்த நாவலிலிருந்தும் தொடங்கலாம். அதனால் "மெக்ரேவைக் கெடுத்துவிட்டார்" என்ற கூச்சலுக்கு இடமும் குறைவு. பாக்கி வைத்தால்தானே வசூலிக்க ஆள் வரும்?

அடுத்து பருமன். வெற்றி பெற்ற தொடர் பெருத்துக்கொண்டே போவது ஏறக்குறைய விதி. ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் ஜே. கே. ரௌலிங் எழுதும் தொடரின் முதல் நாவல் 2013-இல் வந்தபோது சுமார் 450 பக்கம். 2020-இல் வந்த ஐந்தாவது 900-ஐத் தாண்டியது. 2022-இல் வந்த ஆறாவது ஆயிரத்தையும் தாண்டியது. காரணம் சோம்பலோ பேராசையோ என்று திட்டுவது சுலபம். பாதிக் காரணம் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாவலும் இரண்டு மூன்று நிரந்தரப் பாத்திரங்களை விட்டுவிட்டுப் போகும். ஆறாவது நாவலில் அவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஐந்து பக்கம் தலைகாட்டினாலே அறுபது பக்கம் போய்விடும். அதில் ஒருவரை விட்டாலும் "அவர் என்ன ஆனார்?" என்று கேட்க வாசகர் இருக்கிறார். இதற்கு மேல், நன்றாக விற்கும் எழுத்தாளரிடம் வெட்டச் சொல்லும் தைரியம் எடிட்டருக்குக் குறைவு.

பக்க எண்ணிக்கையை வைத்து "இழுவை" என்று சொல்லாமல் விகிதத்தைப் பாருங்கள். 350 பக்க நாவலில் நாற்பதாம் பக்கத்தில் வழக்கு வந்தால், அது ஒன்பதில் ஒரு பங்கு. 900 பக்க நாவலில் நூறாம் பக்கத்தில் வந்தாலும் அதே ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் கைக்கு அது நூறு பக்கமாகத்தான் தெரியும். "தாமதமாகத் தொடங்குகிறது" என்ற புகாரில் பாதி இந்தக் கணக்குக் குழப்பம். உண்மையான இழுவையை வேறு இடத்தில் தேட வேண்டும். நாவலின் நடுவில், ஒரே சாட்சியை இரண்டாவது முறை போய்ப் பார்க்கும் காட்சிகளை எண்ணுங்கள். முதல் சந்திப்பில் கேட்டிருக்கக்கூடியதைக் கேட்காமல் விட்டுவிட்டு, புதிதாக எந்தத் தகவலும் கைக்கு வராமலேயே மறுபடி போகிறார் என்றால் அது திணிப்பு. நடுவில் ஒரு தகவல் மாறி, அதன்பிறகு போனால் அது கட்டுமானம்.

பலரும் கவனிக்காத ஒரு காரணம், எந்த வடிவத்தில் படித்தார் என்பது. மேலே சொன்ன ஆறாவது நாவலில் இணைய உரையாடல்கள் பக்கத்தில் பத்தி பத்தியாக, ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக ஓடுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அரட்டைகள். அச்சுப் புத்தகத்தில் கண் இங்கும் அங்கும் தாவிப் படித்துவிடும். சின்னத் திரையில் அந்த எழுத்து பொடியாகிவிடும். ஆடியோ புத்தகத்தில் இரண்டு பத்தியை ஒரே நேரத்தில் வாசிக்க முடியாது, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும். யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே குழம்பிவிடும். இந்த மூன்று பேரும் ஒரே நாவலைப் பற்றித்தான் விமர்சனம் எழுதுவார்கள். கடிதம், நாளிதழ் வெட்டு, வரைபடம், அட்டவணை என்று உள்ளே ஏதாவது இருக்கும் நாவல் என்றால், விமர்சகர் எந்த வடிவில் படித்தார் என்பதைப் பார்த்துவிட்டு நம்புங்கள். மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாறினால் துப்பறிபவரின் குத்தல் பேச்சு வெறும் முரட்டுப் பேச்சாகிவிடலாம். "ஆளே மாறிவிட்டார்" என்ற புகார் அப்போது தவறான முகவரிக்குப் போகிறது.

இனி, வழக்குக்காரர்களின் மிகக் கடுமையான குற்றச்சாட்டு: "ஏமாற்றிவிட்டார்". 1926-இல் அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் கொலை நாவல் வந்தபோது இதே வார்த்தை பறந்தது. (முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. இன்னும் படிக்காத பாக்கியசாலிகள் இருக்கிறார்கள்.) அதன்பின் 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளையே வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட துப்பு வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. இந்தக் குற்றச்சாட்டு ஒன்றுதான் ரசனையைச் சாராமல் சோதித்துப் பார்க்கக்கூடியது.

சோதனை இப்படி. நாவலை முடித்ததும், குற்றவாளி இவர்தான் என்ற முடிவு எந்த மூன்று தகவல்களின் மேல் நிற்கிறது என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, அவருக்கு வலது தோளில் அடிபட்டிருந்தது, அன்று ரயில் தாமதம், இறந்தவர் சர்க்கரை போட்டுக் குடிக்கமாட்டார். இப்போது பின்னோக்கிப் போய் ஒவ்வொரு தகவலும் முதன்முதலில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடுங்கள். மூன்றும் புத்தகத்தின் முதல் முக்கால் பாகத்தில் இருந்தால் ஆட்டம் நேர்மையானது, நாம்தான் கோட்டைவிட்டோம். ஒன்று கடைசிப் பத்தில் ஒரு பங்கில்தான் வருகிறது என்றால் புகார் நியாயம். இன்னொரு திருட்டும் உண்டு. "அவர் அந்தக் கடிதத்தைப் படித்தார். முகம் வெளுத்தது" என்று எழுதிவிட்டு, கடிதத்தில் என்ன இருந்தது என்பதை ஐம்பது பக்கத்துக்கு மறைப்பது. துப்பறிபவரின் கண் வழியாகவே கதையைச் சொல்லிவிட்டு அவர் கண்டதை மட்டும் மறைப்பது போங்காட்டம். நீண்ட தொடர்களில், எழுத்தாளருக்கு முடிச்சு போடுவதில் சலிப்பு தட்டும்போது இது அடிக்கடி தலைகாட்டும்.

கதையைச் சொல்பவர் யார் என்பது இங்கேதான் முக்கியமாகிறது, புதிய பாகத்தில் அதை மாற்றினால் ஏன் வீடே இரண்டாகிறது என்பதும். வாட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வெறும் வியப்பு காட்டும் நண்பர் போலத் தெரியும். அவர் செய்யும் வேலை திரை பிடிப்பது. ஹோம்ஸ் காண்பதையெல்லாம் வாட்சனும் காண்கிறார், ஆகவே நாமும் காண்கிறோம். ஹோம்ஸ் அதிலிருந்து எடுத்த முடிவு வாட்சனுக்குத் தெரியாது, ஆகவே நமக்கும் தெரியாது. யாரும் எதையும் ஒளிக்காமலேயே ரகசியம் காப்பாற்றப்படுகிறது. 1926-இல் வந்த இரண்டு கதைகளில் கானன் டாயில் இந்தத் திரையை எடுத்துவிட்டு ஹோம்ஸையே கதை சொல்ல வைத்தார். உடனே சிக்கல். ஹோம்ஸ் தான் நினைப்பதை உள்ளபடி சொன்னால் மர்மம் மூன்றாம் பக்கத்தில் போய்விடும், சொல்லாமல் விட்டால் நம்மிடம் மறைக்கிறார். அந்தக் கதைகளில் ஒன்றில், தன் எளிய வித்தையை அதிசயமாக்கிக் காட்ட வாட்சன் இல்லாமல் போனாரே என்று ஹோம்ஸே அங்கலாய்க்கிறார். எழுத்தாளரே ஒப்புக்கொண்ட குறை என்று எடுத்துக்கொள்ளலாம். 1921-இல் வந்த இன்னொரு கதை, டாயில் மேடைக்கு எழுதிய நாடகத்தைக் கதையாக்கியது. அதில் படர்க்கையில் யாரோ கதை சொல்கிறார். ஹோம்ஸ் ரசிகர்கள் பலரும் பட்டியலின் அடியில் வைக்கும் கதைகளில் அது ஒன்று.

ஆகவே புதிய பாகத்தில் கதைசொல்லி மாறியிருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன்மையிலிருந்து படர்க்கைக்கு, உதவியாளரிடமிருந்து துப்பறிபவருக்கு, ஒரு பார்வையிலிருந்து ஐந்து பார்வைக்கு. நடுநடுவே கொலைகாரனின் மனக்குரல் சாய்வெழுத்தில் வருகிறதா என்பதும் இதில் சேரும். அது வந்தால் வேகம் கூடும், புதிர் குறையும்.

"எழுத்தாளருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது" என்பது அடுத்த குற்றச்சாட்டு. சில சமயம் அது உண்மை, அளந்தும் காட்டியிருக்கிறார்கள். கிறிஸ்டியின் நாவல்களை டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் போட்டுப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, கடைசி நாவல்களில் சொல்வளம் சுருங்குவதையும், ஒரே சொற்றொடர்கள் திரும்ப வருவதையும், எதையும் பெயர் சொல்லாமல் 'அது', 'ஏதோ' என்று குறிப்பது கூடுவதையும் காட்டியது. ஆனால் வெளியான வருடத்தை வைத்துத் தளர்ச்சியைக் கணக்கிட்டால் தடுக்கிவிழுவோம். கிறிஸ்டியின் துப்பறிபவர் பாய்ரோவின் கடைசி வழக்கு 1975-இல் வந்தது. அதை அவர் எழுதிப் பூட்டி வைத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அதற்கு முந்திய வருடங்களில் வந்தவற்றைவிட அது இறுக்கமாக இருப்பதில் அதிசயம் இல்லை.

வயது விவகாரம் தனி. பாய்ரோ 1920-இல் அறிமுகமானபோதே பணி ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. கணக்குப் போட்டால் 1970-களில் அவர் நூறு தாண்டியிருக்க வேண்டும். அவ்வளவு வயதானவராக ஆரம்பித்தது தவறு என்று கிறிஸ்டியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதற்கு இரண்டு வழிகளைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். சூ கிராஃப்டன் காலத்தையே நிறுத்தி வைத்தார். ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசையில் தலைப்பிட்ட அவருடைய தொடர் 1982-இல் தொடங்கி 2017 வரை வந்தது, கதைக்குள் 1989-தான் ஆகியிருந்தது. இயன் ரேங்கின் காலத்தை ஓடவிட்டார். அவருடைய போலீஸ் துப்பறிபவர் ரீபஸுக்கு அறுபது வயது ஆனதும் 2007 நாவலில் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டியதாயிற்று. 2012-இல் திரும்ப வந்தபோது போலீஸ் அட்டை இல்லாத மனிதராக வந்தார். நிறுத்தினால் "வளரவே மாட்டேன் என்கிறாரே", ஓட்டினால் "பழைய ஆள் இல்லையே". எதைச் செய்தாலும் ஒரு பாதி போய்விடும். எனக்கென்னவோ ஓடவிடுவதுதான் நேர்மையாகப் படுகிறது, பொறுப்பும் அதில்தான் அதிகம்.

பாத்திரத்தைக் கொல்வது பற்றி நீட்டத் தேவையில்லை. 1893-இல் ஹோம்ஸை அருவியில் தள்ளியபோது வந்த எதிர்ப்பு ஊரறிந்தது. அதைவிடச் சுவையானது பிறகு நடந்தது. ஹோம்ஸ் மீண்டு வந்த பிறகு ஒரு படகோட்டி, அந்தப் பாறையிலிருந்து விழுந்ததில் ஆள் சாகாமல் இருக்கலாம், ஆனால் அதன்பின் பழைய ஆள் இல்லை என்று தன்னிடமே சொன்னதாக டாயில் எழுதியிருக்கிறார். மொத்தம் உள்ள 56 சிறுகதைகளில் 32 அந்த வீழ்ச்சிக்குப் பிறகு வந்தவை. அவற்றை ஒதுக்கினால் தொடரில் பாதிக்கு மேல் போய்விடும். நிக்கலஸ் ஃப்ரீலிங் இன்னும் ஒரு படி மேலே போனார். 1972-இல் தன் துப்பறிபவர் வான் டெர் வால்க்கை நாவலின் நடுவிலேயே கொன்றுவிட்டு மீதி விசாரணையை மனைவி கையில் கொடுத்தார்.

எழுத்தாளர் இறந்தபின் வேறொருவர் தொடரும் பாகம் என்றால் அளவுகோலே வேறு. ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் 2004-இல் இறந்தார், அவருடைய மூன்று நாவல்களும் பிறகே வெளியாயின, நான்காவதை 2015-இல் டேவிட் லாகர்க்ரான்ட்ஸ் எழுதினார். லார்சனோடு நெடுங்காலம் வாழ்ந்த துணைவி அதை வெளிப்படையாக எதிர்த்தார். அந்த நாவலுக்கு வந்த பல ஒற்றை ஸ்டார்களில் எழுத்துக்கு விழுந்தவை எவை, எழுதியதற்கே விழுந்தவை எவை என்று பிரிப்பது கடினம். கிராஃப்டன் குடும்பம் வேறு வழி எடுத்தது. கடைசி எழுத்து மிச்சமிருந்தும் அவர் மறைந்ததும் வரிசை 'ஒய்'யோடு முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள்.

"மாற்றாமல் இருந்திருக்கலாமே" என்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். சுஜாதாவின் 'நைலான் கயிறு' நாவலில் கணேஷ் மட்டும்தான் உண்டு. வசந்த் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன். இன்று வசந்தின் வாய்த்துடுக்கு இல்லாத கணேஷை யாரும் கேட்பதில்லை. கடைசிவரை சொல்லி முடிக்கப்படாத அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கைக்கூட வாசகர்கள் தொடரின் சொத்தாக நினைக்கிறார்கள். ஒரு நாவலில் அதை முழுசாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிச்சயம் கோபித்திருப்பார்கள்.

சரி, வாங்குவதா? வெளியான முதல் வாரத்து விமர்சனங்களை ஒதுக்குங்கள். முன்பதிவு செய்து இரவோடு இரவாக முடித்தவர்கள்தான் அப்போது எழுதுவார்கள், பக்தியோ கோபமோ இரண்டும் சூடாக இருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து, இரண்டிலிருந்து நான்கு ஸ்டார் வரை போட்டவர்களைப் படியுங்கள். பார்சல் கிழிந்தது, விலை அதிகம் என்பவற்றைத் தள்ளுங்கள். முந்தைய இரண்டு பாகங்களுக்கு அதே ஆள் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். அவை உங்கள் கருத்தோடு ஒத்துப்போனால் இந்த முறையும் அவரை நம்பலாம். ஆயிரம் பேரின் சராசரியைவிட அந்த ஒருவர் பயன்படுவார்.

வாங்கிவிட்டால், பழைய பாகங்களை எல்லாம் வரிசையாகத் திரும்பப் படித்துவிட்டு இதற்கு வராதீர்கள். ஒவ்வொரு நாவலும் புது வாசகருக்காகவும் எழுதப்படுவதால் அதே தழும்பு, அதே காலொடிந்த மேஜை, அதே முன்னாள் மனைவி பற்றிய இரண்டு பத்திகள் எல்லாவற்றிலும் இருக்கும். வருடத்துக்கு ஒன்று படித்தபோது பழைய நண்பரைப் பார்த்தது போல இருந்தது, வாரத்துக்கு மூன்று படித்தால் காப்பி அடித்தது போல இருக்கும். முந்தைய பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயம் போதும்.

நீங்களும் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் "கடைசித் திருப்பத்தை யாருமே ஊகிக்க முடியாது" என்று மட்டும் எழுதாதீர்கள். அதுவே பாதி ஸ்பாய்லர். படிப்பவர் அதன்பிறகு ஒவ்வொரு நல்லவரையும் சந்தேகத்தோடு பார்ப்பார். வழக்கு எத்தனையாவது பக்கத்தில் தொடங்குகிறது, மொத்தம் எத்தனை பக்கம், வீட்டுக் கணக்கு ஏறக்குறைய எவ்வளவு, கதைசொல்லி மாறியிருக்கிறாரா, எந்த வடிவில் படித்தீர்கள், இதற்கு முன் இந்தத் தொடரில் உங்களுக்கு எது பிடித்தது. ஆறு வரி. முடிச்சில் கை வைக்காமலேயே அடுத்தவருக்கு வேண்டியதெல்லாம் அதில் வந்துவிடும்.